டிஷ்ஷுக்கும் நெட்டுக்கும் நடுவில் அரை நிமிஷம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நாலு வருஷம் ஆகிவிட்டது. மகள் படித்த காலத்து ரெக்கார்டு நோட்டுகளில் காலியாகக் கிடந்த தாள்களைக் கிழித்து வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் உட்காருவேன். மேலே "முண்டகக்கண்ணி துணை" என்று எங்கள் அம்மன் பேரைப் போடுவேன். அவள் பேரை எழுதிவிட்டு, அவள் பேரால் நான் செய்ததை அதற்குக் கீழேயே எழுத எனக்குக் கை வராது. மடித்து அரிசி டிரம் மேல் வைத்துவிடுவேன். அப்படி மடித்த தாள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டது.

இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. போன ஆடியில் கோயில் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா, எங்கள் வீட்டுக் கதையை எனக்கே சொன்னாள். நான்தான் அது என்று அவளுக்குத் தெரியாது. அவள் சொன்ன கதையில் டிவி தானாக அணைந்ததாம், அம்மன் குரல் கேட்டதாம், என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தாராம். "உடம்பெல்லாம் புல்லரிக்குது, கேளு" என்று கையை நீட்டிக் காட்டினாள். எனக்கும்தான் புல்லரித்தது, பயத்தில். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்தது மட்டும் பிழையில்லாமல் இருக்கும்.

நாங்கள் இருப்பது மயிலாப்பூரில் ஒரு சந்து. கீழ் வீடு எங்களுடையது, மேல் வீட்டில் பாய் குடும்பம். இரண்டும் வாடகைதான், இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாய் ராயப்பேட்டையில் மெத்தை, தலையணைக் கடை வைத்திருக்கிறார். அவர் சம்சாரத்தை நான் பாயம்மா என்பேன், அந்தம்மா என்னைத் தங்கச்சி என்பார். என் வீட்டுக்காரருக்கு மிக்சி, ஃபேன், மோட்டாருக்கெல்லாம் காயில் கட்டும் வேலை, சின்னதாக ஒரு கடை உண்டு. நான் வீட்டில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறேன்.

அவருக்கு கிரிக்கெட் என்றால் உயிர். மொட்டை மாடியில் இரண்டு டிஷ் பக்கம் பக்கமாக இருக்கும், எங்களுடையது ஒன்று, பாய் வீட்டுடையது ஒன்று. எங்களுடையதை அவரே போல்ட் போட்டு, கோணம் பார்த்துத் திருப்பி நிறுத்தினார். கம்பெனிக்காரன் வைத்ததை நம்பமாட்டார். "அவன் வெச்சா மழை தூறினாலே படம் கட்டம் கட்டமா உடையும். நான் வெச்சது இடி இடிச்சாத்தான் அசையும்" என்பார்.

அந்த உயிர்தான் அவர் உயிருக்கு வினையாக வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிய மேட்ச். கடைசி ஓவர், இரண்டு பந்து பாக்கி. நான் மாவு அள்ளிக்கொண்டிருந்தேன். ஹாலில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் மனுஷர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டிவியைப் பார்த்தபடியே சாய்ந்திருக்கிறார், சட்டை முழுக்க வியர்வை. பாய்தான் தோளில் தாங்கி ஆட்டோவில் ஏற்றினார். நெஞ்சில் குழாய் வைத்து, பதினோரு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

டாக்டர் கடைசி நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "படி ஏறக் கூடாது. கனம் தூக்கக் கூடாது. திடீர்னு அதிர்ச்சி, பதட்டம் எதுவும் ஆகக் கூடாதும்மா. இன்னொரு தடவை வந்தா என்னால சொல்ல முடியாது." நான் கிரிக்கெட்டைப் பற்றிக் கேட்டேன். "ஜெயிச்சாங்களா தோத்தாங்களான்னு தெரிஞ்சப்புறம் பார்க்கச் சொல்லுங்க" என்றார்.

அவரிடம் இதைச் சொன்னால் ஏற்றுக்கொள்வாரா? "ரிசல்ட் தெரிஞ்சப்புறம் பாக்கறதுக்கு மேட்ச் எதுக்கு? பேப்பர் போதுமே" என்றார். டிவியைப் பிடுங்கினால் அதுவே அதிர்ச்சி. ராத்திரி மேட்ச் தூக்கத்தைக் கெடுக்கும் என்று டாக்டர் தலையில் போட்டு அதை மட்டும் நிறுத்தினேன். சனி, ஞாயிறு மதியம் மேட்ச் உண்டு என்று உடன்படிக்கை ஆயிற்று. அந்த இரண்டு நாளும் மூன்றரை மணிக்கு எனக்குத் தாலி கழுத்தில் இருக்காது, தொண்டையில் இருக்கும்.

அடுத்த சீசன் தொடங்கின வாரம் கோடை மழை பெய்தது. காற்றில் எங்கள் டிஷ் மட்டும் திரும்பிக்கொண்டது. படம் இல்லை. அவர் மாடி ஏறக் கூடாது, கம்பெனிக்குப் போன் செய்தால் ஆள் வர நாலு நாள் ஆகும் என்றார்கள். பெருங்குடியில் வேலை செய்யும் மகள் அந்தச் சனிக்கிழமை வந்திருந்தாள். "நைனா, டிஷ் எதுக்கு? நெட்லயே மேட்ச் வருது" என்று டிவியில் ஏதோ ஏற்றிக் கொடுத்தாள்.

"நெட்ல வர்றது ஆறிப்போன காபிம்மா. அவன் அங்க பந்து போட்டு அரை நிமிஷம் கழிச்சுத்தான் இங்க வரும்."

"அரை நிமிஷத்துல இன்னா நைனா ஆயிடப் போவுது?"

"அரை நிமிஷத்துல ஒரு பந்தே போட்ருவான். உனக்கு இன்னா தெரியும்?"

முணுமுணுத்துக்கொண்டே பார்க்க உட்கார்ந்தார். படம் நன்றாகத்தான் வந்தது. நான் சமையலறையில் இருந்தேன். அங்கே எனக்கு நேர் மேலே பாயம்மாவின் சமையலறை. மேலே பாய் "ஐயோ!" என்று கத்தினது எனக்குக் கேட்டது. ஹாலில் டிவி சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். எங்கள் டிவியில் பந்து போடுகிறவன் இன்னும் ஓடத் தொடங்கவே இல்லை. நம்ம ஊர் ஆள் மட்டையைத் தட்டிக்கொண்டு நிற்கிறான். அவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

யோசிக்கவே இல்லை. போய் அவர் தோளில் கை வைத்தேன். "ஏங்க, இவன் அவுட்டானாலும் பரவால்லங்க. பின்னால ஆள் கீது" என்றேன்.

அடுத்த பந்தில் ஸ்டம்ப் பறந்தது.

அவர் டிவியைப் பார்க்கவில்லை, திரும்பி என்னைப் பார்த்தார். நெஞ்சுக்குப் போகவேண்டிய கை மடியிலேயே இருந்தது. மூச்சு சீராக வந்தது. "இன்னாமே, நாக்குல அம்மா வந்து உக்காந்துகினாளா?" என்று சிரித்தார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் பேசாமல் சிரித்துவிட்டு உள்ளே போனேன். முதல் பொய் அதுதான். வாயைத் திறக்காமலே சொன்ன பொய்.

அன்று சாயங்காலமே மாடிக்குப் போய்ப் பாயம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர்கள் வீட்டு டிஷ்ஷில் எல்லாம் முன்னால் தெரிந்துவிடுகிறது, எங்கள் நெட்டில் அரை நிமிஷம் பின்னால் வருகிறது. அந்த அரை நிமிஷம் எனக்குக் கிடைத்தால் அவரைத் தயார் பண்ணிவிடுவேன். ஆனால் கத்தினால் ஒருநாள் அவருக்கும் கேட்டுவிடும்.

பாயம்மா இஞ்சி பூண்டு இடிக்கும் சின்ன இரும்பு உரலைக் காட்டினார். "இந்த உலக்கையால தரையில தட்றேன் தங்கச்சி. நல்லதுன்னா ஒண்ணு, கெட்டதுன்னா ரெண்டு. சமையல்கட்டுச் சத்தம்தானே, ஆம்பளைங்க காதுல இன்னைக்கு வரைக்கும் அது விழுந்துகீதா?"

"பாய் கத்தாம இருப்பாரா?"

"நான் பாத்துக்கறேன். வீடு பூரா தலவாணிதானே. வாயில வெச்சுகினு கத்தட்டும்."

பாய் அப்படியே செய்தார். உண்மையாகவே தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்துவாராம். அந்த மனுஷருக்கு நான் எந்த ஜென்மத்தில் கைம்மாறு செய்வேனோ.

நான் மூன்றரை மணிக்கு கிரைண்டரை நிறுத்திவிடுவேன், தட்டுகிற சத்தம் கேட்க வேண்டுமே. மாவுக்கு வருகிறவர்கள் "மேட்ச் அன்னைக்கு உனக்கு இன்னாக்கா வந்துச்சு, நீயா ஆடப்போற?" என்று திட்டிக்கொண்டே திரும்புவார்கள். கம்பெனி ஆளிடம் டிஷ்ஷைச் சரி பண்ண வரவேண்டாம் என்று நானே போன் செய்து சொன்னேன். அவரிடம் "அவன் ஊருக்குப் போயிருக்கானாம்" என்றேன். எங்கள் வீட்டில் டிஷ்ஷா நெட்டா என்பதை முடிவு செய்தது நான்தான். அவர் தனக்கு வேறு வழியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மாசம் ஓடியது. ஒரு தட்டு கேட்டால் "இப்ப பாருங்க, ஏதோ நல்லது வரும்" என்பேன். இரண்டு கேட்டால் தண்ணீர் சொம்போடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "மனசு என்னமோ சரியில்லங்க, எதுவானாலும் தாங்கிக்கணும்" என்பேன். சொன்னது நடக்கும். அவர் முகம் தெளிந்தது. கடைக்குக்கூட மதியம் ஒரு மணி நேரம் போக ஆரம்பித்தார். நான் அம்மனுக்கு எலுமிச்சை மாலை சாத்தினேன்.

ஆனால் கடைக்குப் போன மனுஷர் சும்மா இருப்பாரா? "என் சம்சாரம் வாக்குல அம்மா பேசறா" என்று பக்கத்துக் கடை, எதிர்க் கடை, டீக்கடை எல்லாம் சொல்லிவிட்டார். வெற்றிலைக் கடைக்காரர் என்னைக் கண்டால் எழுந்து நிற்க ஆரம்பித்தார். நான் தெருவில் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். அதையும் அடக்கம் என்றார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண் வந்தாள். கையில் தட்டு, அதில் எலுமிச்சை, குங்குமம், வெற்றிலை. என் காலைத் தொடப் போனாள். பதறி விலகினேன்.

"என் பொண்ணுக்கு ஏழு மாசம்க்கா. முன்ன ரெண்டு தங்கல. இது தங்குமான்னு ஒரு வார்த்தை சொல்லு. ஒரே வார்த்தை."

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நான் மாவு விக்கிறவ."

"அம்மா அப்படித்தான் சொல்லுவா. நீ நெத்தியில வெச்சு அனுப்பு, போதும்."

அவள் கண்ணைப் பார்த்தேன். மேட்ச் அன்றைக்கு மூன்றரை மணிக்கு என் கண் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. என் கையால் குங்குமம் வைக்கவில்லை. "கோயிலுக்குப் போய் அம்மா கையால வாங்கிக்கோ" என்று அனுப்பினேன். அவள் போனதும் பூஜை அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்தேன். என்ன வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. அம்மனுக்குத் தெரிந்ததைத் தனக்குத் தெரியும் என்று ஒருத்தி நடித்துக்கொண்டு, அவளிடமே போய் எப்படிக் கேட்பாள்?

அன்றே முடிவு எடுத்தேன். அவரிடம் சொல்லிவிடுவது. ஞாயிற்றுக்கிழமை மேட்ச் முடிந்ததும், மனசு லேசாக இருக்கும் நேரம் பார்த்துச் சொல்லிவிடுவது.

ஞாயிறு வந்தது. கடைசி ஓவர் வரை இழுத்தது. நம்ம ஆள் ஒருவன் நிற்கிறான், அவன் நின்றால் ஜெயிக்கலாம், போனால் ஆட்டம் முடிந்தது. நான் சமையலறையில் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். மேலே டொக் என்று ஒரே ஒரு சத்தம். காத்திருந்தேன், இரண்டாவது இல்லை. அப்பாடா என்று ஹாலுக்கு ஓடினேன்.

"பயப்படாதீங்க. இவன் இருக்கான். முடிச்சுக் குடுத்துடுவான்" என்றேன்.

அவர் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். காலைக்கூட நீட்டிக்கொண்டார். அவ்வளவு நம்பிக்கை. "அம்மாவே சொல்ட்டா, அப்புறம் இன்னா?" என்றார்.

அடுத்த பந்து வானத்துக்குப் போனது. கீழே ஒருவன் இரண்டு கையையும் குவித்துப் பிடித்தான். ஆட்டம் முடிந்தது.

அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கை நெஞ்சுக்குப் போயிற்று. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை நான் முந்தானையிலேயே முடிந்து வைத்திருப்பேன். முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து எடுத்து வைத்தேன். முதுகைத் தடவிக்கொண்டே "அவரை விட்டுடு, என்னை எடுத்துக்கோ" என்று அம்மனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம். அப்புறம் சில்லிட்டிருந்த அவர் கை சூடாயிற்று.

கதவருகே பாயம்மா நின்றார், கையில் உலக்கை. அவசரத்தில் அதைக் கீழே வைக்கக்கூட மறந்து இறங்கி வந்துவிட்டார். "யா அல்லா, தங்கச்சி... அவன் அவுட்டானதைப் பாத்ததும் என் கையிலேர்ந்து நழுவி இது கீழ விழுந்துடுச்சும்மா. உருண்டு சிலிண்டர் பின்னால போயிடுச்சு. எடுத்து இன்னொண்ணு தட்றதுக்குள்ள..." என்று அழுதார்.

என் வீட்டுக்காரர் பாயம்மாவைப் பார்த்தார், உலக்கையைப் பார்த்தார், பிறகு மேல் தளத்தைப் பார்த்தார். காயில் கட்டுகிற மனுஷர், எந்த வயர் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

நான் அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னது, கம்பெனி ஆளை வரவிடாதது, தலையணை, எலுமிச்சைத் தட்டோடு வந்த பெண். ஒன்றையும் மறைக்கவில்லை.

மறுநாள் காலை, காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டு மாசமா நான் மேட்சே பாக்கலமே. உன் மூஞ்சியைத்தான் பாத்துகினு இருந்திருக்கேன்."

"உங்க உயிருக்காகத்தாங்க."

"தெரியுது. அதான் திட்டக்கூட முடியல." காபியைக் குடித்து முடித்தார். "நேத்து எனக்கு வலி வந்தது அவன் அவுட்டானதுக்கு இல்ல. அம்மா சொல்லி நடக்கலயேன்னு. அவ என்னைக் கைவிட்டாளேன்னு. அதைத் தாங்க முடியலமே."

எனக்கு அழக்கூட வரவில்லை. அவரை எதிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேனோ, அதைவிடப் பெரியதை நானே அவர் நெஞ்சில் வைத்திருக்கிறேன்.

"டிஷ்ஷைச் சரி பண்ணு" என்றார். "முன்னாடியே தெரிஞ்சவங்க யாரும் இந்த வீட்டுல வேணாம். உனக்கும் தெரியக் கூடாது, எனக்கும் தெரியக் கூடாது. பக்கத்துல வந்து உக்காரு. வர்றது ரெண்டு பேருக்கும் ஒண்ணா வரட்டும்."

மகள் போனில் கத்தினாள்: "அம்மா, நெட்டுதான் சேஃப்! மேட்ச் முடிஞ்சப்புறம்கூட போட்டுக் காட்டலாம்." நான் கேட்கவில்லை. டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டினார். அப்புறம் மாத்திரையை மாற்றிக் கொடுத்து, மேட்ச் அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொன்னார். ஓவருக்கு நடுவே எழுந்து நடப்பது, வலி தெரிந்தால் அந்த நொடியே டிவியை அணைப்பது. அதற்கு அவரும் சத்தியம் செய்தார், விளக்குக்கு முன்னால்.

கம்பெனி ஆளுக்காக நான் காத்திருக்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். நான் கெடுத்ததை நான்தான் நிமிர்த்த வேண்டும். அவர் ஹாலில் டிவிக்கு முன்னால். அவர் சொல்வது எனக்குக் கேட்காது. அதனால் பாயம்மா நடுப் படிக்கட்டில் நின்றார்.

"லெஃப்ட்ல திருப்பு!" என்று அவர் கத்துவார். "தங்கச்சி, லெஃப்ட்!" என்று பாயம்மா கத்துவார். நான் திருப்புவேன். "வந்துச்சு, வந்துச்சு!" என்பார். அது என்னிடம் வந்து சேர்வதற்குள் நான் தாண்டிப் போயிருப்பேன். "போச்சு!"

"போச்சாம் தங்கச்சி!"

"எங்க போச்சு? எந்தப் பக்கம் போச்சுன்னு கேளுங்க!"

"ஏங்க பாயம்மா, அவகிட்ட மெதுவா திருப்பச் சொல்லுங்க, கிரைண்டர் இல்ல அது!"

பாயம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வெயிலில் வியர்த்துக்கொட்ட எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் கீழேயிருந்து அவர் சிரிக்கிற சத்தம் மாடி வரைக்கும் நேராகவே வந்தது. போல்ட்டை இறுக்கினேன்.

எலுமிச்சையோடு வந்த பெண்ணின் வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். உலக்கைவரைக்கும் சொன்னேன். அவள் என்னை நம்பவில்லை. "அம்மாதான் உன் வாயால இப்படிப் பேச வைக்கிறா" என்றாள். கோயில் வரிசையில் நான் கேட்ட கதை அங்கேயிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். அவள் பேத்தி இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறாள். அதற்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நாலு வருஷமாக டிஷ்தான். சனி, ஞாயிறு மூன்றரைக்கு கிரைண்டரை இப்போதும் நிறுத்திவிடுகிறேன், அவர் பக்கத்தில் உட்கார. கடைசி ஓவரில் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வேன். அடுத்த பந்து என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள், அவள் சொல்லமாட்டாள். மேலே பாய் தலையணை இல்லாமல் கத்துகிறார், அதே நேரத்தில் கீழே இவரும் கத்துகிறார். நாடி ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன். இரண்டு தடவை நடுவில் அணைத்திருக்கிறோம். அணைத்தது அவரேதான்.

இதைப் படிக்கிறவர்கள் நெஞ்சு வலிக்காரர் இருக்கிற வீட்டுக்குச் சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்கு டிஷ்ஷா நெட்டா என்பது உங்கள் டாக்டரும் நீங்களும் பேசிக்கொள்ள வேண்டியது. ஆனால் எங்கள் கதையைச் சொன்னால் இப்படியே சொல்லுங்கள். டிவி தானாக அணையவில்லை. குரல் எதுவும் கேட்கவில்லை. ஒரு உலக்கை இருந்தது, அதைப் பிடித்த கை பாயம்மாவுடையது, அது நல்ல கை. பொய் சொன்னவள் நான். இதில் ஒன்றைக் கூட்டினாலும் ஒன்றைக் குறைத்தாலும், யாரோ ஒருத்தி மறுபடியும் எலுமிச்சைத் தட்டோடு யார் வாசலிலோ போய் நிற்பாள்.